கிராண்ட் கேன்யனின் பழைய நிலவரைபடங்கள்: விளிம்பு பொருந்துகிறது, ஆறு ஏன் விலகுகிறது?

வரைகோல் (கேள்வி)

கொலராடோ ஆறு அரிசோனாவின் வறண்ட மேட்டுநிலத்தை அறுத்துச் செல்லும் கிராண்ட் கேன்யன் பகுதியின் பழைய நிலவரைபடங்களை, நிலத் தரவுகளைக் கையாளும் ஜிஐஎஸ் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டு வருகிறேன். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை தன் பழைய தாள்களை ஸ்கேன் செய்து டோப்போவியூ என்ற தளத்தில் இலவசமாக வைத்திருப்பதால் தாள்கள் கிடைப்பதில் சிரமம் இல்லை. அவற்றைப் புரிந்துகொள்வதில்தான் சிரமம். நான் எடுத்துக்கொண்டவை மூன்று. முதலாவது, 250 அடி இடைவெளியில் சமவுயரக் கோடுகள் வரையப்பட்ட, 1:250,000 அளவிலான 1886-ஆம் ஆண்டின் கைபாப் தாள். இரண்டாவது, ஃபிரான்சுவா மத்தேஸ் 1902-இல் அளக்கத் தொடங்கி 1903-இல் வெளியான பிரைட் ஏஞ்சல் தாள். அளவு 1:48,000, கோட்டு இடைவெளி 50 அடி. மூன்றாவது, 1923-இல் படகில் சென்று அளந்து 1924-இல் வெளியிட்ட ஆற்றுத் தாள்களின் தொகுப்பு, அளவு 1:31,680.

இவற்றை இன்றைய உயர மாதிரியின்மேல் (நிலத்தின் உயரங்களைக் கொண்ட கணினித் தரவு) வைத்துப் பார்க்கும்போது, 1886-ஆம் ஆண்டின் தாளிலேயே பள்ளத்தாக்கின் மேல்விளிம்பு ஓரளவு நன்றாகப் பொருந்துகிறது; ஆனால் விளிம்புக்குக் கீழே இறங்க இறங்க விலகல் கூடி, ஆறு சில இடங்களில் பல நூறு மீட்டர் தள்ளி ஓடுகிறது. 1903-ஆம் ஆண்டின் தாளில் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பதினாறு, பதினேழு ஆண்டுகளுக்குள் இத்தனை முன்னேற்றம் எந்தக் கருவியால் வந்தது, அல்லது கருவியால்தான் வந்ததா என்பது என் முதல் கேள்வி. 1923-ஆம் ஆண்டின் நீர்மட்ட உயரங்களை இன்றைய அளவுகளோடு நேரடியாகக் கழித்துப் பார்த்து, இன்ன நீர்விரைவு (பாறைகளுக்கு இடையே ஆறு வேகமாகப் பாயும் இடம்) இத்தனை அடி உயர்ந்திருக்கிறது என்று சொல்லலாமா என்பது இரண்டாவது. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அளவுச்சங்கிலி

உங்கள் முதல் கேள்விக்கான விடை, அளந்தவர் எங்கே நின்றுகொண்டு அளந்தார் என்பதில் இருக்கிறது. கருவிகள் அதற்கு அடுத்தபடிதான்.

ஜான் வெஸ்லி பவல் 1869 மே மாதம் வயோமிங்கின் கிரீன் ரிவர் ஊரிலிருந்து நான்கு படகுகளோடும் தன்னையும் சேர்த்துப் பத்துப் பேரோடும் ஆற்றுவழியே புறப்பட்ட முதல் பயணத்தை வரைபடப் பணி என்று சொல்வதே கடினம். ஜூன் மாதம் லொடோர் பள்ளத்தாக்கில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தபோது, அதுவரை எழுதிய வரைபடக் குறிப்புகளும் அதோடு போயின. உடைந்த படகில் சிக்கியிருந்த, காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் அறிய உதவும் பாரோமீட்டர்களை மட்டும் மறுநாள் மீட்டார்கள். மீட்கப் போனவர்கள் எழுப்பிய மகிழ்ச்சிக் குரல் பாரோமீட்டருக்காக என்று பவல் நினைத்தார். அவர்கள் கொண்டாடியது கூடவே கிடைத்த விஸ்கிப் பீப்பாயை.

அளவைப் பணி உண்மையில் 1871, 1872-ஆம் ஆண்டுகளின் இரண்டாவது பயணத்தில்தான் தொடங்குகிறது. நிலவரைபடப் பொறுப்பு பவலின் மைத்துனர் ஆல்மன் ஹாரிஸ் தாம்சனிடம் இருந்தது. அவருடைய குழு யூட்டாவின் கனாப் ஊருக்குத் தெற்கே சமவெளியில் ஏறத்தாழ ஒன்பது மைல் நீளத்துக்கு ஓர் ஆதாரக் கோட்டை மரக்கோல்களால் அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் மேட்டுநில முகடுகளை நோக்கிக் கோணங்கள் எடுத்து, முக்கோணங்களாக வலையை விரித்துச் சென்றது. அந்த வலையின் முனைகள் எல்லாம் மேட்டுநிலத்தின் மேல் இருந்தன. ஒரு முகட்டில் நின்று அடுத்த முகட்டைப் பார்க்க முடிந்தால்தான் முக்கோணம் அமையும். ஆற்றின் வளைவுகளோ படகிலிருந்து திசைகாட்டியால் அடுத்த திருப்பத்தின் திசையைக் குறித்து, அதன் தொலைவைக் கண்மதிப்பாக எழுதி, வாய்ப்புக் கிடைத்த இடங்களில் சூரியனைக் கொண்டு அகலாங்கு எடுத்துச் சரிசெய்யப்பட்டவை. போதாததற்கு, அந்தப் படகுப் பயணம் 1872 செப்டம்பரில் கனாப் கிரீக் ஓடையின் முகத்துவாரத்தோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே உள்ள ஆற்றில் அவர்கள் இரண்டாம் முறை இறங்கவே இல்லை. முக்கோண வலையில் கட்டப்பட்ட மேல்விளிம்பையும் கண்மதிப்பில் வரைந்த ஆற்றையும் ஒரே தாளில் சேர்த்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் உங்கள் 1886 தாள் இருக்கிறது. பவல் 1881 முதல் 1894 வரை அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் இயக்குநராக இருந்தவர் என்பதையும் நினைவில் வைத்தால், அந்தத் தாளின் அடித்தளம் எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகும்.

உயரத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். பாதரச பாரோமீட்டரில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் உயரத்தில் ஏறத்தாழ நூறு அடி பிசகும். பாறைச் சுவர்களுக்கு இடையே காலையில் குளிர்ந்தும் பிற்பகலில் உலை போலக் கொதித்தும் கிடக்கும் காற்றில், மேலே முகாமில் வைத்திருக்கும் கருவியும் கீழே கொண்டுபோன கருவியும் ஒரே காற்றுத்தூணை அளக்கின்றன என்று கொள்வதற்கு இடமில்லை. 250 அடி இடைவெளி அந்தக் காலத்துக்குப் பேராசையான இடைவெளி என்றே நான் சொல்வேன்.

மத்தேஸ் செய்தது வேறு வகை வேலை. ஆம்ஸ்டர்டாமில் 1874-இல் பிறந்து அமெரிக்காவில் பொறியியல் படித்த அவர் கையாண்டது பிளேன் டேபிளும் (களத்திலேயே வரைவதற்கான பலகை) தொலைநோக்கி பொருத்திய அலிடேடும் (குறிபார்த்துத் திசைக்கோடு இடும் கருவி)தான். நம் பாலிடெக்னிக் மாணவர்கள் கல்லூரித் திடலில் முக்காலிமேல் பலகையை வைத்துக் கதிர்க்கோடுகள் வரைந்து பழகுவதும் இதே முறைதான். ஆனால் அங்கே எதிர்க்கரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் அப்பால்; நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழம். மலைநாட்டில் அளப்பவர் பள்ளத்தில் நின்று மேலே பார்ப்பார். இங்கே விளிம்பில் நின்று கீழே பார்க்கலாம் என்பதால், ஒரு முனையிலிருந்து நூற்றுக்கணக்கான பாறை மூலைகளுக்குக் கதிர் விட்டு, அடுத்த முனைக்குப் போய் அதே மூலைகளுக்கு விடும் கதிர்கள் முந்தையவற்றை வெட்டும் இடத்தைக் கொண்டு அவற்றைக் குறித்துக்கொள்ள முடியும். கோடுகளை அலுவலகத்தில் உட்கார்ந்து இட்டு நிரப்பாமல், நிலத்தைக் கண்முன்னே வைத்துக்கொண்டு அங்கேயே வரைவார்கள். ரெட்வால் எனப்படும் சுண்ணாம்புப் பாறைச் சுவர் ஏறத்தாழ 500 அடி செங்குத்தாக நிற்பது. 50 அடி இடைவெளி என்றால் பத்துக் கோடுகள் ஒரு பேனாக் கோட்டின் தடிமனுக்குள் ஒடுங்க வேண்டும். அந்தத் தாளைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ரெட்வால் ஒரு கரிய பட்டையாகவும், அதன் கீழே டோன்ட்டோ மேடை அகன்ற வெள்ளை வெளியாகவும், அதற்கும் கீழே உட்பள்ளத்தாக்கு மீண்டும் கருமையாகவும் வரும். பாறை அடுக்குகளைக் கோடுகளாலேயே படித்துவிடலாம்.

ஆற்றை அவர் எப்படிப் பிடித்தார் என்று கேட்பீர்கள். விளிம்பின் பெரும்பாலான இடங்களிலிருந்து ஆறு தெரியாது. உட்பள்ளத்தாக்கின் விளிம்பு மறைத்துவிடும். எனவே இறங்கித்தான் ஆக வேண்டும். மத்தேஸின் குழு 1902-இல் கோவேறு கழுதைகளோடு பாஸ் பாதை வழியே இறங்கி ஆற்றைக் கடந்து வடகரைக்கு ஏறியது. திரும்பும்போது, பிரைட் ஏஞ்சல் கிரீக்கின் பக்கப் பள்ளத்தாக்கின் வழியே ஒரு கழுதையோடு மேலேறி வந்த இருவரைக் கண்ட பிறகே, அந்த வழியாகவும் இறங்க முடியும் என்று துணிந்தார்கள். ஆக, 1903-ஆம் ஆண்டின் தாளில் ஆறு சரியாக விழுவதற்கு முதற்காரணம் அலிடேட் அன்று. கரை இரண்டிலும் கீழும் பலகையை நிறுத்தியதுதான்.

பாறைப்படுகை

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். நேரடியாகக் கழிக்கக் கூடாது. ஆனால் 1923 அளவையைப் பயன்படுத்தவே முடியாது என்றும் கருதிவிடாதீர்கள். சரியாகக் கையாண்டால் அந்த ஆற்றுக்கு அதைவிடச் சிறந்த பழைய ஆவணம் இல்லை.

முதலில் அது எதற்காக எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1920-களில் கொலராடோவில் அணை எங்கே கட்டலாம் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. அளவைத் துறையின் தலைமை நிலவரைபடப் பொறியாளர் கிளாட் பேர்ட்ஸை தலைமையில் 1923 ஆகஸ்ட் 1 அன்று கிராண்ட் கேன்யனின் மேல்முனையில் உள்ள லீஸ் ஃபெர்ரியிலிருந்து குழு புறப்பட்டது. நீரியல் பொறியாளர் யூஜீன் லா ரூ, புவியியலாளர் ரேமண்ட் மூர், பிளேன் டேபிளில் வரைந்த ரோலண்ட் பர்ச்சர்ட், தலைமைப் படகோட்டியாக எமெரி கோல்ப் ஆகியோர் அதில் இருந்தார்கள். அணைக்கு ஏற்ற இடம் தேடுவோருக்கு மிக முக்கியமானது நீர்ப்பரப்பின் சரிவு. எனவே ஆற்றை ஒட்டியே நடந்தும் படகில் தாவியும், அளவுக் கோல்காரரை முன்னே பாறைமேல் நிறுத்தி, தொலைநோக்கியின் ஸ்டேடியாக் கம்பிகளுக்கு இடையே விழும் கோல் நீளத்திலிருந்து தொலைவையும், கோணத்திலிருந்து உயர வேறுபாட்டையும் கணக்கிட்டு, ஒரு தொடராக உயரத்தைக் கீழே கொண்டுபோனார்கள். அந்தத் தாள்களில் நீர்ப்பரப்பின் உயரம் 5 அடி இடைவெளியில் குறுக்குக் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீர்விரைவு உள்ள இடங்களில் அக்கோடுகள் நெருங்கியும், அமைதியான நீளங்களில் மைல் கணக்கில் விலகியும் இருக்கும். இன்றும் அந்த ஆற்றில் படகு விடுவோர் லீஸ் ஃபெர்ரியைச் சுழியமாகக் கொண்டு மைல் கணக்குச் சொல்வதற்கு, லாவா ஃபால்ஸ் நீர்விரைவு 179-ஆம் மைல் என்பது போல, இந்த அளவையே வேர்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். நீர்ப்பரப்பின் உயரம் அன்றைய நீரோட்டத்தைப் பொறுத்தது. குழு ஆற்றில் இருந்த இரண்டரை மாதத்துக்கு மேற்பட்ட காலத்தில் நீர் ஒரே அளவாக ஓடவில்லை. செப்டம்பர் நடுப்பகுதியைத் தாண்டி லாவா ஃபால்ஸ் அருகே முகாமிட்டிருந்தபோது வந்த வெள்ளத்தில் ஆறு 21 அடி உயர்ந்தது; படகுகளை இரவெல்லாம் மேலே மேலே இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு மேலே அளந்த மட்டங்களையும், வெள்ளம் வடியும் நாட்களில் கீழே அளந்த மட்டங்களையும் ஒரே நிலையில் உள்ளவையாகக் கொண்டு இன்றைய மட்டத்திலிருந்து கழித்தால், வெள்ளத்தை அளந்துவிட்டுப் பாறையை அளந்ததாகச் சொல்லும் நிலை வரும். நல்லவேளையாக லீஸ் ஃபெர்ரியில் 1921 முதலும், பிரைட் ஏஞ்சல் கிரீக் அருகே 1922 முதலும் நீரோட்டப் பதிவுகள் இருக்கின்றன. எந்த நாளில் எந்த இடத்தில் அளந்தார்கள் என்று தெரிந்தால், அன்றைய நீரோட்டத்தைக் கொண்டு மட்டத்தை ஒரு பொது நிலைக்குக் கொண்டுவரலாம்.

இதை முறையாகச் செய்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. மேலே உள்ள கிளென் கேன்யன் அணையிலிருந்து ஏறத்தாழ வினாடிக்கு 8,000 கன அடி நீர் சீராக விடப்பட்ட நாட்களில் 2000-ஆம் ஆண்டு விமானத்திலிருந்து லைடாரால் (லேசர் ஒளியால் தொலைவு அளக்கும் கருவி) எடுத்த நீர்ப்பரப்போடு, 1923-ஆம் ஆண்டின் சரிவை அதே நீரோட்டத்துக்கு மாற்றி ஒப்பிட்டார்கள். 1923-இல் ஆற்றின் மொத்த இறக்கத்தில் பாதி, அதன் நீளத்தில் வெறும் 9 விழுக்காட்டில் நிகழ்ந்தது. 2000-இல் அதே 9 விழுக்காட்டு நீளத்தில் இறக்கம் 66 விழுக்காடாகிவிட்டது. நீர்விரைவுகளின் தலைமாட்டில் நீர் உயர்ந்திருக்கிறது, அமைதியான பகுதிகள் இன்னும் தட்டையாகியிருக்கின்றன என்பதே இதன் பொருள். காரணம் புரியாத புதிர் இல்லை. பக்கவாட்டு ஓடைகள் பெருமழையில் சேறும் பாறையுமாகக் கொட்டும் குப்பைதான் ஆற்றின் நீர்விரைவுகளை உண்டாக்குகிறது. 1966 டிசம்பரில் கிரிஸ்டல் கிரீக் ஒரே நிகழ்வில் ஒரு சாதாரண நீர்விரைவைப் பெரும் அச்சமூட்டும் ஒன்றாக மாற்றியது இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. முன்பு ஆண்டுதோறும் பனியுருகி வந்த வெள்ளம் அந்தப் பாறைகளை உருட்டித் தள்ளிவிடும். கிளென் கேன்யன் அணையின் மதகுகள் 1963-இல் மூடப்பட்ட பிறகு அந்தத் தள்ளுதல் பெரும்பாலும் நின்றுவிட்டது.

எனவே ஒற்றை நீர்விரைவைப் பற்றி ஓரிரண்டு அடி வேறுபாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த ஆய்வில் கண்ட சராசரி உயர்வே கால் மீட்டர் அளவில்தான் இருந்தது. தனியொரு இடத்தின் ஸ்டேடியாப் பிழை அதை எளிதில் விழுங்கிவிடும். கிரிஸ்டலைப் போலப் பெரிய மாற்றம் உள்ள இடங்களில் மட்டும் வரைபடம் தனியே நின்று பேசும்.

பழையதாள்

அளவுச்சங்கிலி அவர்கள் 1886-ஆம் ஆண்டின் தாளைக் கொஞ்சம் கடுமையாகவே ஒதுக்குகிறார் என்று தோன்றுகிறது. 1:250,000 அளவில் தாளின் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் 250 மீட்டர். அச்சுக் கோட்டின் தடிமனும் காகிதச் சுருக்கமும் சேர்ந்தே நூறு மீட்டருக்கு மேல் தின்றுவிடும். அந்த அளவில் ஆறு பல நூறு மீட்டர் தள்ளி ஓடுவதாகச் சொல்வது தாளில் ஓரிரு மில்லிமீட்டர்தான். எந்தக் கேள்விக்காக வரையப்பட்டதோ அந்தக் கேள்விக்கு அது விடை சொல்கிறதா என்று பார்ப்பதே நியாயம். நீர்பிரி மேடுகள், பக்கப் பள்ளத்தாக்குகளின் வரிசை, மேட்டுநிலங்களின் படிநிலை ஆகியவற்றுக்கு அது இன்றும் ஒப்புக்கொள்ளத்தக்க சாட்சி. தாம்சனின் குழு 1872-இல் தரைவழியே சென்றபோதுதான் எஸ்கலாண்டே ஆறு ஒரு தனி ஆறு என்பதே உறுதியானது. அதுவரை அச்சிட்ட எந்த வரைபடத்திலும் அந்த ஆறு இல்லை. அந்த வெற்றிடத்தை எண்ணிப் பார்த்தால் பிழையின் அளவை வேறு விதமாக எடைபோடுவோம்.

இதற்கும் முந்தையதைப் பார்க்க விரும்பினால் லெப்டினன்ட் ஜோசப் ஐவ்ஸின் 1857, 1858-ஆம் ஆண்டுகளின் பயணத்தில் எக்லாஃப்ஸ்டைன் வரைந்த வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையோடு 1861-இல் அச்சானது. துண்டு துண்டாகக் கொண்டுவந்து ஆற்றின் முகத்துவாரத்தில் பூட்டிய நீராவிப் படகில் பிளாக் கேன்யன் வரை சென்று, பாறையில் மோதிய பின் தரைவழியே டயமண்ட் கிரீக்கில் இறங்கிய குழு அது. எக்லாஃப்ஸ்டைனின் வரைபடத்தில் சமவுயரக் கோடுகளே கிடையாது. பிளாஸ்டர் மாதிரியின்மேல் பக்கவாட்டில் ஒளி விழுவது போன்ற நிழலால் நிலத்தை எழுப்பிக் காட்டியிருப்பார். பார்வைக்கு அவ்வளவு திருத்தமாக இருப்பதால், பயணப் பாதைக்கு அப்பால் உள்ளவை பெரும்பாலும் ஊகம் என்பது எளிதில் மறந்துபோகும். அதே அறிக்கையில் அவர் வரைந்த பள்ளத்தாக்குக் காட்சிகளோ தேவாலயக் கூடம் போலக் குறுகி உயர்ந்தவை. அந்த இடத்தில் நின்று பார்ப்பவர் யாரும் அப்படிக் காண மாட்டார். இதற்கு நேர்மாறு புவியியலாளர் கிளாரன்ஸ் டட்டனின் 1882-ஆம் ஆண்டுத் தொகுதிக்காக வில்லியம் ஹென்றி ஹோம்ஸ் வரைந்த அகலக் காட்சிகள். படமாக இருந்தாலும் ஒவ்வொரு பாறை அடுக்கையும் இனங்காணலாம். விஷ்ணு, சிவன் பெயர்களைக் கொடுமுடிகளுக்குச் சூட்டியவரும் அந்த டட்டன்தான். மத்தேஸ் அதே வழக்கத்தைத் தொடர்ந்ததால் கிருஷ்ணரும் நிலவரைபடத்தில் ஏறினார்.

கோடுகளைச் சரிபார்க்கத் தனிச் சான்று வேண்டுமென்றால், ஆற்றோரம் ரயில் பாதை போடும் திட்டத்துக்காக ராபர்ட் ஸ்டான்டன் 1889, 1890-இல் எடுத்த ஒளிப்படங்கள் இருக்கின்றன. அந்தத் திட்டத்தின் தலைவர் ஃபிராங்க் பிரவுன் 1889 ஜூலையில் மார்பிள் கேன்யனில் மூழ்கி இறந்தார். புத்தாண்டு நாளில் ஒளிப்படக்காரர் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஸ்டான்டனே கேமராவைக் கையில் எடுத்தார். ரயில் வரவே இல்லை. அளவைக்காக ஒழுங்காகத் தொடர்ச்சியாக எடுக்கப்பட்டவை என்பதால், ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே இடங்களில் நின்று மறுபடி படம் எடுத்து, எந்தப் பாறை நகர்ந்தது, எந்த மணல்திட்டு போயிற்று என்று ஒப்பிட முடிந்தது.

வரைகோல்

மூவருக்கும் நன்றி. ஒரு செய்முறைக் கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. 1886, 1903 தாள்களை இன்றைய உயர மாதிரியோடு இணைக்கும்போது, கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (தாளிலும் இன்றைய தரவிலும் ஒன்றே என்று அடையாளம் காணும் இடங்கள்) நிறைய வைத்துத் தின் பிளேட் ஸ்பிளைன் முறையில் (தாளை இடத்துக்கு இடம் வேறுவிதமாக நெகிழ்த்தும் கணக்கு) வளைத்தால் ஆறும் விளிம்பும் அழகாகப் பொருந்திவிடுகின்றன. அப்படிச் செய்வது முறையா?

அளவுச்சங்கிலி

படமாக அச்சிட்டு மாட்டுவதற்கு என்றால் செய்யுங்கள். ஆய்வுக்கு என்றால் வேண்டாம். நீங்கள் தேடி வந்த சான்றையே அந்த வளைப்பு அழித்துவிடும். தாளின் மூலைகளில் அச்சிட்ட அகலாங்கு, நெட்டாங்குக் குறுக்கீடுகளை முதலில் கொடுங்கள். இந்தத் தாள்கள் 1927-ஆம் ஆண்டின் வட அமெரிக்க டேட்டம் (அகலாங்கு, நெட்டாங்கு எண்களுக்கான அடிப்படை அமைப்பு) வருவதற்கு முன் பிறந்தவை என்பதால் அந்த எண்களை இன்றைய டேட்டத்தில் உள்ளவையாக எடுத்துக்கொள்ள முடியாது. மொத்தத் தாளும் ஒரே திசையில் நகர்ந்திருப்பதைக் காண்பீர்கள். அந்த நகர்வை, ஐயத்துக்கு இடமில்லாத கொடுமுடிகளையும் விளிம்பு முனைகளையும் மட்டும் கொண்டு எளிய அஃபைன் மாற்றத்தால் (தாள் முழுவதையும் ஒரே விதமாக நகர்த்தி, திருப்பி, நீட்டுவது) நீக்குங்கள். ஆற்று வளைவுகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக வைக்காதீர்கள்.

பிறகு எஞ்சிய விலகல்களை அம்புகளாக வரைந்து அதே படத்தின்மேல் வையுங்கள். அளந்தவர் நின்ற இடங்களைச் சுற்றி அம்புகள் குட்டையாகவும், அவர் கண்ணுக்குப் படாத மடிப்புகளில் நீண்டும் இருக்கும். 1886 தாளில் கனாப் கிரீக் முகத்துவாரத்துக்கு மேலும் கீழும் அம்புகளின் நீளத்தைத் தனித்தனியே பாருங்கள். படகுப் பயணம் அங்கே நின்றது அந்த எண்களில் தெரிகிறதா என்று எனக்கும் அறிய ஆவல். 1903 தாளில் ஆற்றைவிட, வடகரையின் ஆழ்ந்த பக்கப் பள்ளத்தாக்குகளின் உட்புறத்தை முதலில் சோதியுங்கள். விளிம்பிலிருந்தும் தெரியாமல், கழுதைப் பாதையும் இல்லாமல் இருந்தவை அவைதான்.

பாறைப்படுகை

ஒரு சேர்க்கை. 1923 தாள்களுக்கு இதே முறையைச் செய்யும்போது கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக ஓடை முகத்துவாரங்களின் நடுக்கோட்டை எடுக்காதீர்கள். ஓடைகள் கொட்டி விசிறி போலப் பரப்பும் பாறைக் குவியல்களான குப்பை விசிறிகள் மாறிக்கொண்டே இருப்பவை. நீரிலிருந்து நேரே எழும் அடிப்பாறை மூக்குகளை எடுங்கள். மேலே கிளென் கேன்யனுக்கு 1921-இல் இதே பாணியில் எடுத்த தாள்களும் கிடைக்கின்றன. அணைக்குப் பின்னால் பவல் ஏரி அந்த நிலத்தை மூழ்கடித்துவிட்டதால் அங்கே ஒப்பிட இன்றைய தரை இல்லை. ஆனால் ஏரி நீர் இறங்கிய ஆண்டுகளில் வெளிவந்த பக்கப் பள்ளத்தாக்குகளில் வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது என்று கணக்கிட, அந்த 1921-ஆம் ஆண்டின் கோடுகள் நல்ல தொடக்கப் பரப்பாக உதவும்.